ஒரு பைப்புக்குப் பதினோரு வத்திக்குச்சி

நேற்று மாலை ஒரு பைப்பைப் புகைத்து முடிக்கப் பதினோரு வத்திக்குச்சி செலவாயிற்று. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் வரிசையாக வைத்து எண்ணிப் பார்த்தேன். ஆறு, விரலைச் சுடும்வரை எரிந்து ஒழுங்காக வேலை செய்தவை. நான்கு, தலை பொரிந்த கையோடு காற்றில் அணைந்தவை. ஒன்று, உரசியவுடன் மருந்து தெறித்து, வேட்டியில் கடுகளவு ஓட்டை போட்டுவிட்டுப் போனது.

குச்சியைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆடி மாதம். எங்கள் வீடு கிருஷ்ணகிரி பழையபேட்டைப் பக்கம். எதிரே கோட்டை மலை நிற்கிறதே, காற்றை மறிக்கும் என்று நினைப்பீர்கள். மறிப்பதில்லை. மலையில் மோதிய காற்று இரண்டு பக்கமும் பிரிந்து ஓடி, எங்கள் மாடிக்கு வந்துதான் மறுபடி சேர்கிறது. அம்மி பறக்கும் என்று சொன்னவர் பைப் பற்றவைத்துப் பார்த்திருந்தால் அம்மியை விட்டுவிட்டு வத்திக்குச்சியைச் சொல்லியிருப்பார்.

என் தம்பி மகன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளன். போன வருடம் வந்தபோது இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு, "பெரியப்பா, நீங்கள் எந்தக் காலத்தில் இருக்கிறீர்கள்?" என்று கேட்டான். அடுத்த முறை வரும்போது நீல நிறத்தில் ஊசிபோலச் சீறும் ஒரு ஜெட் லைட்டரை வாங்கிக்கொண்டு வந்தான். விலை கேட்டேன், சொல்லவில்லை. அந்த லைட்டர் என் பைப்புக்கு என்ன செய்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் கதை கொஞ்சம் பின்னால் இருந்து தொடங்குகிறது.

அதற்கு முன் ஒன்று. பைப் பிடி என்று யாருக்கும் நான் சொல்லவில்லை. புகையை உள்ளே இழுப்பதில்லை, அதனால் கெடுதல் இல்லை என்று பைப்காரர்கள் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்வார்கள். நானும் பல வருடம் சொல்லிக்கொண்டேன். உதடு, நாக்கு, தொண்டை என்று புற்று வர பைப்பும் ஒரு வழிதான். இப்போது ஞாயிற்றுக்கிழமை மாலை ஒன்று, அதுவும் மாடியில். அந்த ஒன்றையும் விட்டுவிடச் சொல்லி வீட்டில் நடக்கும் வழக்கு இன்னும் தீர்ப்பாகவில்லை. பொது இடத்தில் புகைக்க 2008 அக்டோபர் 2 முதல் தடை இருக்கிறது. அந்தத் தடையை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். பஸ் நிலையத்தில் பைப்போடு நிற்கும் என் உருவத்தை என்னாலேயே சகிக்க முடியாது.

1990களில் பர்கூருக்குப் பக்கத்தில் ஒரு கிரானைட் குவாரியில் மேற்பார்வை வேலை பார்த்தேன். அப்போது கிருஷ்ணகிரி தனி மாவட்டமில்லை, தர்மபுரி மாவட்டத்தில் இருந்தது, 2004இல்தான் பிரிந்தது. எங்கள் பக்கத்துக் கல்லுக்கு வெளிநாட்டில் வைத்த பெயர் பாரடைசோ. இத்தாலிய மொழியில் சொர்க்கம். ஊதா கலந்த சாம்பலில் புகை சுருள்வதுபோல வரி ஓடும். அதை வாங்க இத்தாலிக்காரர் ஒருவர் வருடத்துக்கு இரண்டு முறை வருவார். அறுபது வயது இருக்கும். வெயிலில் தக்காளிபோலச் சிவந்துவிடுவார். வாயில் எந்நேரமும் பைப்.

பிளாக் பார்ப்பது எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வெட்டி நிறுத்திய கல்லின் மேல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றச் சொல்வார். முழுக்க நனைந்த கல்லில் ஒன்றும் தெரியாது. காயும்போதுதான் உண்மை வெளியே வரும். மேற்பரப்பு வெளுத்துக்கொண்டே வர, ஊசி வெடிப்பு இருக்கிற இடம் மட்டும் தண்ணீரை விடாமல் பிடித்துக்கொண்டு, தலைமுடி கிடப்பதுபோலக் கறுப்பாகத் தெரியும். அந்தக் கோடு தெரிந்தால் விலை பாதி. எனவே ஊற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் அவர் பைப்பைப் பற்றவைப்பார். எங்கள் ஊர்க் கடையில் வாங்கிய சாதாரண வத்திப்பெட்டி. சட்டைப் பையில் அழகான வெள்ளி லைட்டர் ஒன்று இருந்தும், அதைப் பிறர் சிகரெட்டுக்குத்தான் எடுத்து நீட்டுவார்.

அவரிடம் ஆங்கிலம் கொஞ்சம். என்னிடம் அதைவிடக் கொஞ்சம். ஏன் லைட்டர் இல்லை என்று ஒரு நாள் சைகையில் கேட்டேன். கல்லைக் காட்டினார், காயட்டும் என்பதுபோலக் கையை மெல்லக் கீழே அமர்த்தினார். பிறகு வத்திக்குச்சியைக் காட்டி அதே சைகையைச் செய்தார். எனக்கு அன்று புரியவில்லை. 1998இல் கடைசியாக வந்தபோது, தான் பயன்படுத்தாத ஒரு புது பைப்பை என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

அது பிரையர் மரத்தில் செய்தது. மரம் என்பதைவிடக் கிழங்கு என்பது சரி. மத்தியதரைக்கடல் ஓரம் வளரும் எரிகா ஆர்போரியா என்ற புதர்ச்செடியின் வேருக்கும் தண்டுக்கும் நடுவில் உருண்டு திரளும் முண்டு. பல பத்தாண்டு வளர்ந்ததைத் தோண்டி, மணிக்கணக்கில் தண்ணீரில் வேகவைத்து, மாதக்கணக்கில் உலர்த்தி, பிறகுதான் கடைகிறார்கள். உள்ளே கங்கு கிடந்தாலும் லேசில் தீப்பிடிக்காத கட்டை. லேசில் என்ற சொல்லைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

பைப்பைப் பற்றவைப்பது சிகரெட்டைப் பற்றவைப்பதுபோல இல்லை. கிண்ணத்தில் புகையிலையை மூன்று தவணையாக நிரப்ப வேண்டும்: அடியில் குழந்தை கைபோல, நடுவில் பெண் கைபோல, மேலே ஆண் கைபோல என்று அவர்கள் ஊரில் ஒரு சொலவடை உண்டாம். பிறகு முதல் தீ. இது பொய்த் தீ. குச்சியைக் கிண்ணத்துக்கு மேலே வட்டமாகச் சுற்றிக்கொண்டே மெதுவாக இழுத்தால், மேல் புகையிலை சுருண்டு, அரிசி பொரிவதுபோல எழுந்து நிற்கும். எழுந்ததைத் தட்டி அமர்த்த வேண்டும். அதற்கென்று கடையில் சின்னக் கருவி விற்கிறார்கள். நான் குவாரியில் கிடைத்த ஒரு பெரிய ஆணியின் தலையால் இருபத்தைந்து வருடமாக அமர்த்துகிறேன். அமர்த்திய கருகலின் மேல் இரண்டாவது தீ. இதுதான் நிஜத் தீ. இது பிடித்துக்கொண்டால் அரை மணி நேரம் ஓடும். ஓடாமல் நடுவில் அணைந்தாலும் அவமானமில்லை. எல்லோருக்கும் அணையும். புகையிலை ஈரமாக இருந்தால், நெருக்கி அடைத்திருந்தால், பேச்சு சுவாரசியமாகிப் போனால் அணையும்.

ஆக, ஒரு அமர்வுக்குக் குறைந்தது இரண்டு தீ. எனக்கு ஐந்தாறு. ஒவ்வொரு தீயும் கிண்ணத்தின் விளிம்பைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே இறங்குகிறது. எந்தத் தீ என்பது இதனால்தான் கேள்வியாகிறது.

வத்திக்குச்சியை எடுத்துக்கொள்வோம். தலையில் இருப்பது பொட்டாசியம் குளோரேட், கந்தகம், கண்ணாடித்தூள், பசை. பெட்டியின் பக்கவாட்டுப் பட்டையில் இருப்பது சிவப்புப் பாஸ்பரஸ். இரண்டும் வேறு வேறு இடத்தில் இருப்பதால்தான் சட்டைப் பையில் தானாகப் பற்றிக்கொள்வதில்லை. இந்தப் பிரிவினையை 1844இல் குஸ்தாவ் எரிக் பாஷ் என்ற சுவீடன் வேதியியலாளர் யோசித்தார். அதே நாட்டின் லுண்ட்ஸ்ட்ரோம் பெரிய அளவில் செய்து 1855 பாரிஸ் கண்காட்சியில் பதக்கம் வாங்கினார். உரசியவுடன் வரும் அந்த முதல் சீறல் முழுக்க மருந்தின் எரிச்சல்தான். மூக்கில் ஏறும் நெடி கந்தகம் எரிந்த வாயு. அந்த நொடியில் பைப்பிடம் கொண்டுபோனால் முதல் இழுப்பிலேயே தீபாவளி மறுநாள் தெருவின் வாசனை வாய்க்குள் வந்துவிடும். ஒன்று, இரண்டு என்று மனத்துக்குள் எண்ண வேண்டும். சீறல் அடங்கி, தீ மஞ்சளாகி, குச்சியின் மேல் ஒரு நாமம்போல நிமிர்ந்து நிற்கும். இப்போது எரிவது மரமும் அதில் ஏற்றிய மெழுகும். இந்தத் தீ வெதுவெதுப்பானது, அவசரமில்லாதது. இழுத்தால் கிண்ணத்துக்குள் குனிகிறது, விட்டால் நிமிர்கிறது.

எங்கள் ஊர்க் குச்சியின் குறை, குட்டை. பெருவிரல் நீளம்கூட இல்லை. மருந்து அடங்கக் காத்திருந்த இரண்டு நொடியையும், கடைசியில் விரல் சுடும் பகுதியையும் கழித்தால் கையில் மிஞ்சுவது ஏழெட்டு நொடி. அதனால்தான் ஒரு தீக்கு இரண்டு குச்சி. மெழுகுக் குச்சி நீளமாக எரியுமே என்று கேட்கலாம். காகிதத்தை மெழுகில் சுருட்டிய அந்தக் குச்சி வளையும், சொட்டும், மெழுகுவத்தியை ஊதி அணைத்த வாடையைப் புகையிலையில் ஏற்றும். பைப்புக்கு ஆகாது.

நல்ல குச்சி எது என்பதில் எனக்கு ஒரு சுயநலமான பக்தி உண்டு. எங்களுக்குப் பக்கத்துத் தீப்பெட்டி ஊர் சிவகாசி இல்லை, குடியாத்தம். வாணியம்பாடி, ஆம்பூர் தாண்டிப் போனால் வந்துவிடும். சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய கதை எல்லோரும் அறிந்தது. குடியாத்தத்துக்கு அப்படியொரு புகழ் வாய்க்கவில்லை. ஒரு திருமணத்துக்காக அங்கே போயிருந்தபோது, தெருவில் ஒரு அம்மா திண்ணையில் உட்கார்ந்து வத்திப்பெட்டியின் உள்கூட்டை ஒட்டிக்கொண்டிருந்தார். கண் எங்கள் மேல், வாய் பக்கத்து வீட்டம்மாவோடு, கை மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. மடிப்பு, பசை, மடிப்பு, எறிதல். நான் ஒன்றைப் பிரித்துப் பார்த்து மறுபடி மடிக்க முயன்றேன். மடிக்க வரவில்லை. "கொடுங்கள் ஐயா, வீணாகிறது" என்று வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து காலிப் பெட்டியை நசுக்கிப் போட மனம் வருவதில்லை. மாடிப்படி அறையில் ஒரு பை நிறையச் சேர்ந்திருக்கிறது. சின்ன வயதில் வத்திப்பெட்டிப் படம் சேர்த்து விளையாடிய பையன் இன்னும் சாகவில்லை போலிருக்கிறது.

என் தாத்தா இந்த இரண்டு கட்சியிலும் சேராதவர். அவரிடம் இருந்தது சக்கிமுக்கி. ஒரு வெள்ளைக் கல், கைக்கு அடங்கும் ஓர் இரும்பு, மூங்கில் குழாயில் கருக்கி அடைத்த இலவம்பஞ்சு. ராகிக் கொல்லையில் காவலுக்குப் போகும்போது இடுப்பில் இருக்கும். கல்லின் விளிம்பில் பஞ்சை வைத்து இரும்பால் சரேலென்று ஒரு தட்டு. பொறி விழுந்து பஞ்சில் சிவப்பாக ஒரு புள்ளி. அதை ஊதி ஊதிச் சுருட்டின் முனையில் ஒற்றிக்கொள்வார். தீயே வராது, கங்குதான். எத்தனை காற்றடித்தாலும் அந்தக் கங்கு அணையாது, இன்னும் சிவக்கும். ஆடிக் காற்றுக்கு இதைவிட நல்ல கருவியை நான் கண்டதில்லை. அவருக்கும் சுருட்டுக்கு முன்னால் சுங்கான் பழக்கம் இருந்தது என்று பாட்டி சொல்வார். சுங்கான் என்றால் பைப்தான். பைப் என்பதை இத்தாலிக்காரரிடம்தான் முதலில் பார்த்தேன் என்று நான் பெருமையாகச் சொன்னபோது பாட்டி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அந்தச் சக்கிமுக்கியின் வாரிசு வத்திப்பெட்டி இல்லை, லைட்டர். சக்கரத்தை உருட்டினால் பொறி பறக்கிறதே, அதன் அடியில் இருப்பதைக் கடையில் லைட்டர் கல் என்றுதான் கேட்டு வாங்குகிறோம். உண்மையில் அது கல்லே இல்லை. சீரியமும் இரும்பும் கலந்த உலோகக் கலவை; ஆஸ்திரியாவின் கார்ல் அவர் ஃபான் வெல்ஸ்பாக் 1903இல் காப்புரிமை வாங்கினார். தாத்தாவின் சக்கிமுக்கியில் கல் இரும்பைச் சுரண்ட, இரும்புத் துகள் எரிந்து பொறியாகும். லைட்டரில் இரும்புச் சக்கரம் 'கல்'லைச் சுரண்ட, 'கல்' எரிந்து பொறியாகும். வேலை அப்படியே தலைகீழ், பெயர் மட்டும் மாறவில்லை. வயதிலும் லைட்டர்தான் அண்ணன். ஜெர்மானிய வேதியியலாளர் டோபரைனர், லைட்டரின் மூதாதையான தன் ஹைட்ரஜன் விளக்கை 1823இலேயே எரித்துவிட்டார். இங்கிலாந்தில் ஜான் வாக்கர் தன் முதல் உரசுகுச்சிகளை விற்றது 1827 ஏப்ரலில். லைட்டர் புதுமை, வத்திப்பெட்டி பழமை என்று தம்பி மகன் பேசும்போதெல்லாம் இதை எடுத்து விடுவேன். அவன் கைபேசியைப் பார்க்கத் தொடங்கிவிடுவான்.

குவாரியில் லாரி ஓட்டுநர் ஒருவரிடம் பெட்ரோல் லைட்டர் இருந்தது. உள்ளே பஞ்சு, நடுவில் திரி, மூடியைத் திறந்தால் டக் என்று ஒரு சத்தம். காற்றில் சுலபமாக அணையாது. ஒரு அவசரத்துக்கு அவரிடம் வாங்கிப் பற்றவைத்தேன். நான்கு இழுப்பு வரைக்கும் பெட்ரோல் பங்கில் நின்று மூச்சு விடுவதுபோல இருந்தது. இதற்கென்றே சுத்திகரித்த திரவத்தை ஊற்றினாலும் அந்த வாடை முழுக்கப் போவதில்லை. அமெரிக்காவின் ஜிப்போ பைப்புக்கென்றே காற்றுக் கூண்டின் பக்கவாட்டில் வட்ட ஓட்டை போட்டு ஒரு வகை செய்கிறது. கிண்ணத்தின் மேல் கவிழ்த்து இழுத்தால் தீ உள்ளே போகும். வாடையும் கூடவே போகும்.

கேஸ் லைட்டரில் வாடை இல்லை. பியூட்டேன் சுத்தமாக எரியும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சிகரெட் லைட்டரின் தீ மேலே பார்த்து எரியப் பிறந்தது. பைப்புக்குத் தீ கீழே இறங்க வேண்டும். சாய்த்தால் தீ பெருவிரலை நோக்கித் திரும்புகிறது. இரண்டு நொடி தாங்கும், மூன்றாவது நொடியில் உலோக மூக்கு சூடேறி விரலில் கோடு போட்டுவிடும். பைப்புக்கென்று செய்த லைட்டரில் தீ பக்கவாட்டில் வளைந்து வரும். ஜப்பானில் செய்யும் ஓல்ட் பாய் என்ற ஒன்றில் தட்டி அமர்த்தும் கருவியும் உள்ளேயே செருகியிருக்கும். விலையைப் பார்த்துவிட்டு நான் மறுபடி என் ஆணியைத் தடவிக்கொடுத்தேன். பெங்களூரில் அதே மாதிரி மலிவாக ஒன்று கிடைத்தது. மென்மையான மஞ்சள் தீ. ஆறு வருடமாக ஓடுகிறது.

இனி அந்த ஜெட் லைட்டர். விசையை அழுத்தினால் உள்ளே ஒரு சின்னச் சுத்தியல் படிகத்தில் மோதி மின்பொறி வருகிறது. நம் வீட்டு அடுப்பு லைட்டரின் அதே வித்தைதான். ஆனால் கேஸ் வெளியே வருவதற்கு முன்பே காற்றோடு கலந்துவிடுவதால் தீ நீலமாக, கூராக, சத்தத்தோடு வருகிறது. ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடு. எந்தக் காற்றும் அதை அசைக்காது. முதல் நாள் எனக்கும் மகிழ்ச்சிதான். ஒரே அழுத்தில் பற்றியது. பொய்த் தீயும் வேண்டாம், நிஜத் தீயும் வேண்டாம், எல்லாம் ஒரே தீயில் முடிந்தது. இரண்டாம் ஞாயிறு, மூன்றாம் ஞாயிறு. நான்காம் ஞாயிறு பைப்பைத் துடைக்கும்போது துணியில் கரி ஒட்டியது. விளிம்பில், எனக்கு வலது கைப்பக்கம், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பிறை கருத்திருந்தது. படிந்த கரியாக இருக்கும் என்று ஈரத்துணியால் தேய்த்தேன். கரி போயிற்று, கரியோடு மரமும் கொஞ்சம் போயிற்று. விரலால் தடவினால் அங்கே மட்டும் ஒரு பள்ளம். இருபத்தைந்து வருடம் வத்திக்குச்சி தொட்டுப் பழுப்பேறிய விளிம்பு, நான்கு வாரத்தில் பல் விழுந்ததுபோல ஆகிவிட்டது.

எனக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும். எங்கள் குவாரியில் ஜெட் பர்னர் இருந்தது. அழுத்தக் காற்றோடு எண்ணெயை எரித்து, நீளக் குழாயின் முனையில் தீயைப் பீறிடச் செய்து, பாறையில் வாய்க்கால் வெட்டுவார்கள். சத்தம் அடுத்த ஊருக்குக் கேட்கும். அந்தத் தீ கல்லை உருக்குவதில்லை. கல்லில் இருக்கும் குவார்ட்ஸ் 573 டிகிரியில் கட்டமைப்பு மாறிச் சட்டென்று உப்பும். மேல் தோல் உப்ப, அடிக் கல் குளிர்ந்தபடியே இருக்க, செதில் செதிலாகப் பொரிந்து தெறிக்கும். குவார்ட்ஸ் குறைந்த கறுப்புக் கல்லில் இது எடுபடாது. அதே குவாரியில் பழைய முறையும் தெரிந்த மேஸ்திரி ஒருவர் இருந்தார். பாறையின் மேல் விறகை நீளமாக அடுக்கி, மெல்ல எரியவிட்டு, தீயை அங்குலம் அங்குலமாக நகர்த்திக்கொண்டே போவார். பாறையைச் சம்மட்டியால் தட்டி, சத்தம் மாறுகிறதா என்று காது கொடுத்துக் கேட்பார். ஒரு இடத்தில் 'டொம்' என்று ஓசை மாறும். அடியில் பாளம் விட்டுக்கொண்டது என்று அர்த்தம். கிருஷ்ணகிரி, தர்மபுரிக் கொல்லைகளைச் சுற்றி வேலியாக நிற்கும் கல்கால்களில் எத்தனையோ இப்படித் தீயால் எடுத்த பாளத்திலிருந்து பிளந்தவை. ஒரே பாறை. ஒரு தீ அதைப் பொரித்துத் தூளாக்குகிறது. இன்னொரு தீ முழுப் பாளமாகத் தூக்கிக் கொடுக்கிறது. மேஸ்திரியை இத்தனை வருடம் பக்கத்தில் நின்று பார்த்தவன், கிழங்குக் கட்டையின் மேல் ஜெட் பர்னரைப் பிடித்திருக்கிறேன். இத்தாலிக்காரர் கையை அமர்த்திக் காட்டியது கருகிய பிறையைத் தடவும்போதுதான் எனக்குப் புரிந்தது.

தம்பி மகனிடம் சொல்லவில்லை. அவன் வரும்போது ஜெட் லைட்டரை எடுத்துக் கற்பூரம் ஏற்றிக் காட்டுவேன்.

பத்து ரூபாய் பிளாஸ்டிக் லைட்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். போன சித்திரையில் சேலம் போய்த் திரும்பும்போது அப்படி ஒன்றைக் காரின் கண்ணாடியை ஒட்டி வைத்துவிட்டு, வெயில் வேளையில் சாப்பிட இறங்கினேன். திரும்பி வந்து பார்த்தால் லைட்டர் இரண்டாகப் பிளந்து கிடந்தது. கண்ணாடியில் நட்சத்திரம்போல ஒரு விரிசல். பியூட்டேன் பூஜ்யம் டிகிரிக்குச் சற்றுக் கீழேயே கொதித்துவிடுகிற பொருள். உள்ளே திரவமாக இருப்பது அழுத்தத்தால் மட்டும்தான். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் அந்த அழுத்தம் எதுவரை ஏறும் என்று அந்தக் குட்டிப் பிளாஸ்டிக் கூட்டுக்குத் தெரியவில்லை. நாங்கள் உள்ளே இல்லாதது நல்லதாகப் போயிற்று.

இந்த லைட்டர்தான் தீப்பெட்டித் தொழிலின் அடிமடியிலும் கை வைத்தது. ஒரு லைட்டர் இருபது பெட்டிக்குச் சமம் என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்லும் கணக்கு. 2022இல் தமிழக முதல்வர் இதைத் தடை செய்யக் கேட்டு ஒன்றிய அரசுக்குக் கடிதம் எழுதினார். 2023 ஜூனில் இருபது ரூபாய்க்கும் குறைந்த விலை லைட்டர்களை இறக்குமதி செய்ய ஒன்றிய அரசு தடை போட்டது. எங்கள் தெருமுனைப் பெட்டிக்கடையில் கேட்டால் இன்னமும் கிடைக்கிறது. வத்திப்பெட்டியின் கதை வேறு. 2007இல் ஒரு ரூபாய் ஆனது. பதினான்கு வருடம் அசையாமல் இருந்து 2021 டிசம்பரில் இரண்டு ரூபாய் ஆனது. ஈடாகக் குச்சியின் எண்ணிக்கையைக் கூட்டி ஐம்பது ஆக்கினார்கள். பதினான்கு வருடம் விலை ஏறாத வேறு எந்தப் பொருளும் என் நினைவுக்கு வரவில்லை.

கடைக்காரம்மாவிடம் நான் தமிழில் வத்திப்பெட்டி என்பேன். எனக்கு முன்னால் நிற்பவர் தெலுங்கில் அக்கிப்பெட்டே என்பார், ஓசூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர் கன்னடத்தில் பெங்கிப்பொட்டணா என்பார். அந்த அம்மா மூன்றுக்கும் ஒரே பெட்டியை ஒரே முகத்தோடு எடுத்து வைப்பார். லைட்டர் என்றால் மூன்று மொழியிலும் லைட்டர்தான்.

இப்போது என் நடைமுறை இதுதான். முதல் இரண்டு தீயும் வத்திக்குச்சி, மாடிப்படி அறைக்குள், கதவைச் சாத்திக்கொண்டு. பற்றிய பிறகு வெளியே வருவேன். நடுவில் அணைந்தால் பெங்களூர் லைட்டரின் மஞ்சள் தீ. அப்போது கிண்ணம் பாதி இறங்கியிருக்கும், குட்டைக் குச்சி எட்டாது, காற்றும் விடாது. மழைக்காலத்தில் பெட்டியின் பட்டை ஈரம் கோத்து, உரசினால் மருந்துப் பட்டை வழுவழுவென்று உரிந்து வரும். அதற்குப் பாட்டியின் வழி: ராகி மாவுத் தூக்குக்குப் பக்கத்தில், அடுப்பு மாடத்தில் வைப்பது. எங்கள் வீட்டில் அடுப்பு மாடம் இல்லை, குளிர்சாதனப் பெட்டியின் தலையில் வைக்கிறேன். அங்கே எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும்.

நேற்று முறை தவறியதற்குக் காரணம், லைட்டரில் கேஸ் இல்லை. நிரப்பும் டப்பாவும் காலி. வெளியே நின்றே குச்சி குச்சியாக உரசினேன். ஏழாவது குச்சியோடு பெட்டி தீர்ந்தது. பைப்பில் பாதி மிச்சம்.

கீழே இறங்கி வந்தேன். சாமி அறை மாடத்தில் என் மனைவியின் வத்திப்பெட்டி எப்போதும் இருக்கும். அதன் தலையில் ஒரு குங்குமப் பொட்டு வைத்திருப்பாள். புகைக்கும் பெட்டியும் விளக்குப் பெட்டியும் ஒன்றாகக் கலந்துவிடக் கூடாது என்று கல்யாணமான வருடம் வைத்த பொட்டு. பெட்டி மாறினாலும் பொட்டு மாறாது. லைட்டரில் விளக்கேற்ற அவள் ஒருநாளும் சம்மதித்ததில்லை. சமையலறையில் குக்கர் சத்தம். மெதுவாக நான்கு குச்சியை மட்டும் உருவிக்கொண்டேன். உரசப் பட்டை என் காலிப் பெட்டியில் இருக்கிறதே.

மாடிப்படி பாதி ஏறியபோது கீழேயிருந்து குரல் வந்தது: "என்னங்க, எண்ணி வைத்திருக்கிறேன்."